காலி இடம் என்றார்கள்

பேனர் இல்லாமல் வந்த கம்பெனி ஆளை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஒரு சனிக்கிழமைக் காலையில் எங்கள் தெருக்கோடியில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் இறங்கினார். அலுவலகத்துக்குப் போடும் ஷூவைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, அதே பையிலிருந்து பழைய ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த சேற்றுக்குள் நேராக இறங்கி வந்தார். நாலடி வைத்ததும் சேறு ஒரு செருப்பை இழுத்துக்கொண்டது. குனிந்து கையை விட்டுத் துழாவினார். கிடைக்கவில்லை. மற்றதையும் கழற்றிக் கரையில் எறிந்துவிட்டு, முழங்கால் வரை சேறோடு எங்கள் முன்னால் வந்து நின்று, "உங்களுக்கு என்ன தேவைப்படுதுன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்" என்றார்.

எங்களுக்கு எரிச்சல்தான் வந்தது. அதற்குள் இரண்டு கம்பெனிகளைப் பார்த்திருந்தோம். முதலாவது ஐம்பது தொப்பியும் ஒரு பேனரும் கொண்டுவந்தது. இரண்டாவது, வேலை முடிவதற்குள் புகைப்படக்காரரோடு கிளம்பிப் போனது. இரண்டும் விட்டுச்சென்ற தண்ணீர் பாட்டில்களை நாங்கள்தான் பொறுக்கினோம்.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாறு கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால் ஒரு கிளை பிரிந்து, எங்கள் அடுக்ககத்தின் பின்சுவரை ஒட்டி வந்து, ஒரு சேற்றுத் திட்டில் முடிகிறது. கடல் ஏறும் நேரத்தில் குளம் போலத் தண்ணீர் நிற்கும். வற்றும் நேரத்தில் சாம்பல் நிறச் சேறு பளபளத்துக்கொண்டு கிடக்கும். அப்போதுதான் அதற்கு உயிர் வரும். உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சேற்றைக் குத்திக் குத்தி எதையோ தின்றுகொண்டே இருக்கும். குளிர்காலத்தில் எங்கிருந்தோ வரும் பறவைகளும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். நண்டுக் குஞ்சும் மடவை மீன் குஞ்சும் அங்கேதான் வளர்ந்து ஆற்றுக்குள் போகும். நாற்றம் அடிக்கும், உண்மைதான். கழிவுநீர் அதில் கலப்பது பறவைகளின் குற்றமில்லை.

வீடு இடித்த செங்கல்லையும் சிமெண்ட் கட்டிகளையும் லாரிகள் அங்கே கொட்ட ஆரம்பித்தபோதுதான் நாங்கள் சிலர் ஒன்றுசேர்ந்தோம். நான் மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சைதாப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த பாய் எங்கள் கீழ்வீட்டுக்காரர்; பைனாகுலர் வைத்துக்கொண்டு பறவை பார்ப்பதில் பைத்தியம் உள்ளவர். முகத்துவாரத்துக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா மூன்றாவது ஆள். அவருடைய தம்பிகள் நண்டு பிடிப்பவர்கள். எங்களைத் தவிர அக்கம்பக்கத்தில் ஏழெட்டுப் பேர், வந்தும் வராமலும் இருந்தார்கள்.

அன்றைக்கு வந்தவரிடம் பாய் கொஞ்சம் வெடுக்கென்றுதான் பேசினார். "எங்களுக்குத் தொப்பி வேணாம்மா" என்றார்.

"தொப்பி கொண்டுவரலை. வேற சொல்லுங்க."

கண்ணாடி குத்தாத தடித்த கையுறை வேண்டும், டெட்டனஸ் ஊசி போட ஏற்பாடு வேண்டும் என்றார் பாய். வாரக் கடைசியில் குப்பையை அள்ளிப்போக ஒரு லாரி வேண்டும் என்றேன் நான். மீன்கார அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ராவோட ராவா லாரி வந்து கொட்டினு போறான். இந்தத் தெரு முனையில ஒரு கேட்டு போட்டுக் குடு. மத்தத நாங்க பாத்துக்குறோம்" என்றார்.

ஒரு மாதத்துக்குள் எல்லாம் வந்தன. மாநகராட்சி அலுவலகத்துக்கு எங்களோடு நாலு தடவை அலைந்து இரும்புக் கேட்டுக்கு அனுமதி வாங்கினார். எந்தப் பொருளிலும் கம்பெனி பெயர் இல்லை. பெயர்ப் பலகை வைக்கச் சொல்லி அவருடைய அலுவலகத்தில் கேட்டார்களாம். இவர் முடியாது என்றிருக்கிறார். "இடம் உங்களோடது, வேலை உங்களோடது. இதுல எங்க பேர் எதுக்கு?" என்று எங்களிடம் சொன்னார். கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு வந்தது. அக்கா அவரை மேனேஜரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். என்னை அக்கா பேங்க்கம்மா என்பார்.

மேனேஜரம்மா இனிமையானவர் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது எல்லோரும் சிரித்த முகம் என்றே எழுதுகிறார்கள். அவருக்கு முணுக்கென்று கோபம் வரும். அலுவலகத்திலிருந்து அழைத்து வரும் இளைஞர்கள் வெள்ளை ஷூவோடு கரையில் நின்று செல்ஃபி எடுத்தால், "வேலை பாக்க வந்தா இறங்கு, இல்லைன்னா பஸ்ஸைப் பிடி" என்பார். சேற்றிலிருந்து ஒரு மெத்தையை இழுக்க ஆறு பேர் திணறியபோது, அந்த மெத்தையை எறிந்தவனை அவர் திட்டிய திட்டைக் கேட்டு அக்காவே சிரித்துவிட்டார். ஆனால் எங்களிடம் ஒரு நாளும் இதைச் செய், அதைச் செய் என்று சொன்னதில்லை. எதையும் முடிவு செய்ய வேண்டிய நேரத்தில் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொள்வார். ஒரு கம்பெனி, மக்கள் செய்கிற வேலைக்கு எப்படித் துணை நிற்க வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால், அந்தத் தள்ளி நின்ற நிலையைத்தான் சொல்வேன்.

இரண்டு குளிர்காலங்கள் அப்படிப் போயின. சேறு சுத்தமானது. பாய் ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு பறவையின் பெயரைச் சொல்லிக்கொண்டு மாடியேறி வருவார்.

பிறகு அவர்கள் தலைமை அலுவலகத்திலிருந்து துணைத் தலைவர் ஒருவர் மாற்றலாகி வந்தார். மேனேஜரம்மாவுக்கு மேலதிகாரி. ஒரு நாள் காரில் வந்து எங்கள் கேட்டுக்கு வெளியே இறங்கினார். சேற்றில் கால் வைக்கவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு திட்டை ஒரு தரம் பார்த்தார். "இவ்வளவு இடம் காலியா கிடக்கே" என்றார்.

அந்தக் 'காலி' என்ற சொல்லை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவர் அதைச் சொன்னபோது வெள்ளை நாரைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவை அவர் கண்ணில் படவில்லை என்று நான் நினைக்கவில்லை. பட்டன; ஆனால் கணக்கில் வரவில்லை. இந்த ஊரில் கட்டடமோ புல்தரையோ இல்லாத எந்த இடமும் காலி இடம்தான். அதைக் காலி என்று சொல்லத் தெரிந்தவர் கையில்தான் லாரியும் இருக்கிறது.

அவருடைய திட்டம் பசுமைத் திடல். சேற்றின்மேல் செம்மண் கொட்டி உயர்த்தி, மரக்கன்றுகள் நட்டு, நடைபாதை போட்டு, நிறுவனர் நாளன்று திறப்பது. மேனேஜரம்மா எதிர்த்திருக்கிறார். முடியாமல் போகவே எங்களை நேரில் பேசச் சொல்லி ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். பெருங்குடியில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்த அவர்கள் அலுவலகத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். குளிரூட்டிய அறை, தட்டில் பிஸ்கட், எல்லோருக்கும் முன்னால் தண்ணீர் பாட்டில். பாய் தான் எடுத்த படங்களைக் காட்டினார். இந்தச் சேறு போனால் இவை வேறெங்கும் போய் இறங்க முடியாது என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். நானும் சொன்னேன். துணைத் தலைவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு அக்காவைப் பார்த்து, "மரம் வைக்கிறது நல்லதுதானேம்மா?" என்றார்.

"மரம் நல்லதுதான் சார். உன் வூட்டு அடுப்பாங்கரையில நடுவியா?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். துணைத் தலைவரும் சிரித்தார். ரொம்ப உணர்வுபூர்வமாகப் பேசுகிறார்கள் என்று ஆங்கிலத்தில் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். மேனேஜரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கருத்துகளைக் கவனத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஆளுக்கொரு துணிப்பை கொடுத்து அனுப்பினார்கள். வெளியே வந்ததும் அக்கா அந்தப் பையைச் சாலை நடுத்தடுப்பில் வைத்துவிட்டு நடந்தார்.

ஒரு புதன்கிழமை, நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் லாரிகள் வந்தன. எந்த அலுவலகத்திலோ யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள். லாரிகள் வராமலிருக்க நாங்கள் போட்ட அதே கேட்டின் சாவியை, மாநகராட்சி அலுவலகத்தில் உதவி செய்த கம்பெனி என்ற உரிமையில் கேட்டு வாங்கித் திறந்திருந்தார்கள். சாயங்காலம் நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்து பார்த்தபோது திட்டின் பாதி சிவப்பாக இருந்தது. விளிம்பில் நண்டுகள் மண்ணுக்கு வெளியே வந்து எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா கரையில் உட்கார்ந்திருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

நிறுவனர் நாளன்று பந்தல் போட்டார்கள். யார் யாரோ வந்து ஆளுக்கொரு வேப்பங்கன்றும் புங்கங்கன்றும் நட்டார்கள். எங்களைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்தார்கள். மீதிப் பாதியை அடுத்த மாதம் நிரப்பப்போவதாகத் துணைத் தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மேடையின் ஓரத்தில் கம்பெனியின் பச்சைச் சட்டையோடு நின்றிருந்த மேனேஜரம்மா கையைக் கட்டிக்கொண்டே நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் கன்றுகளைப் பிடுங்கினோம். மரம் வளர்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நாங்களேதான். வேரடி மண்ணோடு தோண்டி, ஈரச் சாக்கில் கட்டி, மீன் கொண்டுவரும் வண்டியில் அடுக்கினோம். உப்பு ஏறி இலைகள் அதற்குள் பழுத்திருந்தன. தெருவிலும் பள்ளிக்கூட வளாகத்திலும் வைத்தாலாவது பிழைக்கும் என்று நினைத்தோம். இங்கே தோட்டம் இல்லை என்று ஆகிவிட்டால் மீதிப் பாதியை நிரப்ப வரமாட்டார்கள் என்பது எங்கள் எண்ணம். பாதி வேலையில் ஆட்டோ ஒன்று வந்தது. மேனேஜரம்மா இறங்கினார். முதுகில் பெரிய எழுத்தில் கம்பெனியின் பெயர் போட்ட அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டிருந்தார்.

"இதைப் போட்டுட்டு வரலாமா? யாராவது பார்த்தா?" என்றேன்.

"பாக்கட்டும்னுதான் போட்டுட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

எதிரில் இருந்த அடுக்ககத்தின் மேல்மாடியிலிருந்து யாரோ அதை வீடியோ எடுத்தார்கள். மதியத்துக்குள் எல்லோருடைய கைப்பேசியிலும் வந்துவிட்டது. மரக்கன்றுகளைப் பிடுங்கும் சமூக விரோதிகள் என்று தலைப்பு. ஆயிரம் பேர் எங்களைத் திட்டியிருந்தார்கள். திட்டியவர்களில் ஒருவராவது அந்தச் சேற்றை ஒரு தடவை வந்து பார்த்திருப்பாரா? மறுநாள் கம்பெனியின் நிர்வாக அதிகாரி காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்.

எங்களைக் கூப்பிட்டு விசாரித்த இன்ஸ்பெக்டர் மோசமானவர் இல்லை. உட்காரச் சொன்னார். வீடியோவை ஓடவிட்டு, ஒவ்வொருவராக அடையாளம் கேட்டார். நான், பாய், அக்கா என்று வரிசையாகக் கையைக் காட்டினோம். திடீரென்று ஓர் இடத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். புகார் கொடுத்த அதிகாரி பக்கம் கைப்பேசியைத் திருப்பினார்.

"இது யாரு சார்? உங்க கம்பெனி சட்டை போட்டிருக்காங்க?"

அதிகாரி கைப்பேசியை வாங்கி உற்றுப் பார்த்தார். கதவோரத்தில் நின்றிருந்த மேனேஜரம்மா முன்னால் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்திருந்தார்.

"நான்தான் சார். இந்தத் திட்டத்துக்கு இன்னும் நான்தான் பொறுப்பு. கம்பெனி நட்டதை கம்பெனி எடுத்துச்சு. இவங்க எனக்கு ஒத்தாசை பண்ணாங்க, அவ்வளவுதான்."

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மீதிப் பாதியை நிரப்பும் பேச்சும் அதோடு நின்றது. தங்கள் அதிகாரியே பிடுங்கிய தோட்டத்துக்கு இன்னொரு விழா எடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. மேனேஜரம்மாவை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்து, கொள்முதல் பிரிவில் போட்டார்கள். நாற்காலியிலிருந்து குழாய்வரை, அலுவலகத்துக்குள் வரும் ஒவ்வொரு பொருளுக்கும் கேட்டில் கையெழுத்துப் போடும் வேலை. பதினைந்து வருட அனுபவத்துக்கு அதுதான் மரியாதை.

கொட்டிய செம்மண் மட்டும் அப்படியே கிடந்தது. அதை எடுப்பது யாருடைய வேலையும் இல்லை. கொட்ட உத்தரவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அள்ள உத்தரவு போட இந்த ஊரில் ஓர் ஆள்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கூடையில் அள்ளினோம். எங்கள் கூடைகளைப் பார்த்து அந்த மண்மேடு சிரித்திருக்கும்.

அடுத்த வருடம், தீபாவளிக்கு முன்னால், பாண்டி பஜாரில் அவரைப் பார்த்தேன். மகளுக்குத் துணி எடுத்துவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஒதுங்கி ஒரு கடைப் படியில் நின்று பேசினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண் அள்ள வாருங்கள் என்று கூப்பிட்டேன்.

"வரமாட்டேன்" என்றார். "நீங்க கூடையில தூக்குறதைப் பார்த்தா எனக்கு இன்னும் வெறி வரும். லாரியில கொட்டினவங்க லாரியில எடுக்கணும். மாசா மாசம் மெயில் போட்டுட்டுத்தான் இருக்கேன். பதில் வராது. மறுபடியும் போடுவேன்."

"வேலையை விட்டுடலாம்னு தோணலையா?"

"நான் போயிட்டா அவங்களுக்கு வசதி. எதுக்கு அந்த வசதியைப் பண்ணிக் குடுக்கணும்?"

இந்த வருடம் கோடை தொடங்கும்போது, ஒரு காலையில் லாரிகளும் மண் அள்ளும் எந்திரமும் வந்தன. பயந்துபோய் ஓடினோம். எந்திரம் செம்மண்ணை அள்ளி லாரியில் போட்டது. என் கண்ணையே நம்ப முடியவில்லை. அவருடைய மெயில்கள் வேலை செய்துவிட்டன என்று நினைத்து, ஓட்டுநருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மண்ணை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன்.

"பெருங்குடி தாண்டி ஒரு பள்ளம் கீது மேடம். தண்ணி நிக்குற எடம். இத்த கொட்டி பார்க் போடப் போறாங்களாம், செடி நடுறதுக்கு."

"யாரு?"

"இதே கம்பெனிதான்."

டீ கிளாஸை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மேனேஜரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். எந்தப் பள்ளம் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "டிரைவர்கிட்ட போனைக் குடுங்க" என்றார். கொடுத்தேன். ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டோம்.

"அண்ணே, நான் கம்பெனியில பர்ச்சேஸ்லேருந்து பேசுறேன். எறக்குற எடம் மாறிடுச்சு. பள்ளத்துக்குப் போக வேணாம். எல்லா வண்டியையும் நேரா ஆபீஸுக்குக் கொண்டாந்துடுங்க. கேட்ல நான் நிக்குறேன்."

அக்கா மீன் கூடையைப் பாயின் வீட்டு வாசலில் வைத்தார். நாங்கள் மூவரும் ஆட்டோவில் லாரிகளின் பின்னாலேயே போனோம். கம்பெனி வாசலில் காவலாளி கதவைத் திறக்கத் தயங்கிக்கொண்டிருந்தார். மேனேஜரம்மா அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "கம்பெனி வாங்கின மண்ணு. கம்பெனிக்கு வந்திருக்கு. திறங்க" என்றார். முதல் லாரி உள்ளே போய், விருந்தினர் கார்கள் நிறுத்தும் இடத்தில் பின்பக்கம் தூக்கியது. சுற்றிலும் புல்தரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள அந்த இடத்தில் செம்மண் சரிந்து விழுந்தபோது எழுந்த புழுதி மேல்மாடி ஜன்னல் வரை போயிற்று. அடுத்த லாரியும் வந்தது. அதற்கடுத்ததும்.

துணைத் தலைவர் இறங்கி ஓடி வந்தார். என்ன இது, யார் சொன்னது என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். மேனேஜரம்மா பதில் சொல்வதற்குள், கேட்டுக்கு வெளியே நின்றிருந்த அக்கா குரல் கொடுத்தார்.

"இப்ப நடு சார். இங்க உப்புத் தண்ணி கெடையாது, மரம் நல்லா வரும்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜரம்மாவுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். பதில் எழுதினார். மறுபடியும் கேட்டார்கள், மறுபடியும் எழுதினார். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார். பெருங்குடிப் பள்ளம், நான் எழுதும் இன்றைக்கு, பள்ளமாகவே இருக்கிறது. பக்கத்தில் குடியிருக்கும் சிலர் விஷயம் கேள்விப்பட்டு பாயிடம் வந்து பேசியிருக்கிறார்கள். எங்கள் திட்டில், மண் எடுத்த பாதி இறுகிப்போய்க் கிடக்கிறது. கடல் தண்ணீர் அதன்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. பறவைகள் இன்னும் அந்தப் பக்கம் இறங்கவில்லை.

அன்றைக்குக் கம்பெனி வாசலிலிருந்து கிளம்பும்போது, எங்களுக்கு வெற்றி பெற்ற களிப்பு இருந்தது. மேனேஜரம்மாவைக் கட்டியணைத்துக்கொண்டேன். அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பயம் என்று நினைத்து, பயப்படாதீர்கள் என்றேன்.

"பயமா?" என்றார். தலைமுடியெல்லாம் சிவப்புப் புழுதி. "ஒரு சேத்தைச் சேறா விட்டு வைங்கன்னு சொல்றதுக்கு எத்தனை வருஷம், எவ்வளவு பாடு. இதுக்கு நான் சந்தோஷப்படணுமா?"

சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போனார். அவருக்கு அன்று இன்னும் வேலை நேரம் முடியவில்லை.